பஸ்ஸை யார் ஓட்டுவது

ஷாஷமனே
14 அக்டோபர் 2001

அன்புள்ள வெல்மா அக்கா,

கடவுளாய் வந்த மாமன்னரின் பெயரால் உனக்கு என் அன்பு. நானும் நானும் இங்கே நலம். முகத்தைச் சுளிக்காதே. "ஒரே ஆளுக்கு எதுக்குடா ரெண்டு நான்" என்று நீ முப்பது வருஷமாகக் கேட்கிறாய். எங்கள் கடவுளான ஜாவும் எனக்குள் இருக்கிறார் என்று நானும் முப்பது வருஷமாகப் பதில் சொல்கிறேன். ரெண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நூரியா கட்டாயம் கேட்கச் சொன்னாள். மகள் அயந்துவுக்கு ஒன்பது வயது முடிந்தது. முகம் அம்மாவுடையது, வாய் அப்படியே உன்னுடையது. எனக்குக் கண்தான் கொஞ்சம் மங்கல். வயசாகிறது, வேறென்ன.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். மாமன்னர் எங்களுக்குக் கொடுத்த இந்த மண்ணில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பள்ளி உனக்குத் தெரியும். ஜமைக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த எங்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள், இந்த ஊர்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இப்போது ஊர்ப் பிள்ளைகள்தான் அதிகம். எல்லோரும் அவாசா போகிற பெரிய சாலையின் ஓரமாகத்தான் நடந்து வருகிறார்கள். போன வாரம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் காலில் லாரி ஏறிவிட்டது. பிழைத்துக்கொண்டான். கால் போய்விட்டது. அவனை நானும் நானும்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஓடும்போது அவன் என்னிடம் கேட்டது, "வாத்தியாரே, என் செருப்பு எங்க?" என்பதுதான்.

எங்களுக்கு ஒரு பஸ் வேண்டும், அக்கா. பழையதானாலும் சரி. உன் சபைப் பெண்களிடம் கேட்டுப்பார்க்கிறாயா? என் சடைமுடியைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்.

உன் வீட்டில் வெளிச்சம் குறையாதிருக்கட்டும்.
உன் தம்பி,
டால்டன்

*

ஹேண்ட்ஸ்வொர்த், பர்மிங்காம்
20 நவம்பர் 2001

அன்புத் தம்பி டால்டனுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடும், உனக்குள் இருக்கும் அந்த இன்னொரு ஆளோடும் இருப்பதாக. என் முழங்கால் மழைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. மற்றபடி நலம். கண்ணுக்கு கேரட் சாப்பிடு. உங்கள் கூட்டம்தான் முயல் மாதிரி காய்கறி தின்கிறதே.

அந்தப் பையனின் செருப்பை நீ எழுதியிருக்க வேண்டாம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். எனிட் அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மாவின் சவ அடக்கத்தில் உன் தலையைப் பார்த்துவிட்டு மூன்று தடவை பெருமூச்சு விட்டவள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கஞ்சா பிடிக்கிறவங்க பள்ளிக்கூடத்துக்கா நாம அடுப்புல நிக்கணும்?"

"கஞ்சா பிடிக்கிறது எந்தம்பி. காலு போனது அந்தப் பையனுக்கு" என்றேன்.

பிறகு எனிட் கைப்பையைத் திறந்து மூக்கைச் சிந்திவிட்டு, "சனிக்கிழமை ஆட்டுக்கறி நான் வைக்கிறேன். மிளகாயை யாரும் தொடக்கூடாது" என்றாள்.

முடிந்தது. சனிக்கிழமைதோறும் சபைக் கூடத்தில் சாப்பாடு விற்கிறோம். ஆட்டுக்கறி, பயறுச்சோறு, பொரித்த மாவுருண்டை. இறைச்சியே தொடாத உன் பள்ளிக்கு ஆடுகள் உயிரைக் கொடுக்கின்றன. மன்னித்துவிடு. "எந்தப் பிள்ளையும் இனி அந்தச் சாலையில் நடக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்து மீன்கடை, முடி அலங்காரக்கடை எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறோம்.

நூரியாவுக்கும் என் வாய்க்காரிக்கும் முத்தம்.
உனக்காக ஜெபிக்கும்,
வெல்மா அக்கா

*

ஷாஷமனே
12 ஜனவரி 2002

அன்புள்ள அக்கா,

ஜாவின் காவல் உன்மேல் இருக்கட்டும். நாங்கள் மூவரும் நலம். கேரட் தின்கிறேன். கண் அப்படியேதான் இருக்கிறது.

நீ அனுப்பியது வந்தது. படித்ததும் நூரியா கடிதத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். தலைநகர் அடிஸுக்குப் போய் ஒரு பஸ் பார்த்துவிட்டேன். சின்னதுதான், இருபதுக்கு மேல் இருக்கைகள். ஒரு விடுதிக்காரர் வைத்திருந்தது. எஞ்சின் நன்றாக இருக்கிறது. இன்னும் ஒரு மாதம் உங்கள் சனிக்கிழமைகள் நடந்தால் எங்களுடையது.

இன்னொன்றும் வேண்டும். ஓட்டுநருக்கு ஒரு வருஷச் சம்பளம். இங்கே அது அதிகமில்லை, உங்கள் இரண்டு மூன்று சனிக்கிழமைகளில் வந்துவிடும். பள்ளிக் கையில் அந்தப் பணம் இல்லை. ஓட்டுநர் கட்டாயம் வேண்டும், அக்கா. பெண்களிடம் தயவுசெய்து கேள். காரணத்தை நீளமாக எழுதவில்லை.

எனிட் அக்காவுக்கு என் வணக்கம். என் தலையை இப்போது பார்த்தால் ஆறு தடவை பெருமூச்சு விடுவார்.

அன்பு மட்டுமே நிலைக்கும்.
டால்டன்

*

பர்மிங்காம்
9 பிப்ரவரி 2002

அன்புத் தம்பிக்கு,

இயேசுவின் கிருபையால் சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். மீதிப் பணத்தை இன்று வங்கியில் கட்டிவிட்டேன். பஸ்ஸை வாங்கு. பக்கத்தில் எங்கள் சபையின் பெயரை எழுதச் சொல்கிறார் பாஸ்டர். நீல எழுத்து. அவர் ஆசையைக் கெடுக்காதே.

ஓட்டுநர் சம்பளம் மட்டும் நடக்காது, டால்டன். பெண்கள் சம்மதிக்கவில்லை. பஸ் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது, யாரோ ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் என்றால் அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு அது புரியாது. அதோடு, உனக்கு எதற்கு ஓட்டுநர்? இந்த ஊரில் பதினொன்றாம் எண் பஸ்ஸை ஒன்பது வருஷம் ஓட்டியவன் நீ. பனியில் ஓட்டினாய், கலவரத்தில் ஓட்டினாய். ஆட்டுமந்தை நடக்கிற சாலையில் ஓட்ட முடியாதா? நீயே ஓட்டு. அதுதான் எங்கள் நிபந்தனை என்று வைத்துக்கொள்.

கோபித்துக்கொள்ளாதே. அயந்துவுக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். கை கொஞ்சம் நீளம், மடித்துவிடச் சொல்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.
வெல்மா

*

ஷாஷமனே
17 மார்ச் 2002

அன்புள்ள அக்கா,

மாமன்னரின் பெயரால் உனக்கும் அடுப்படியில் நின்ற அத்தனை பெண்களுக்கும் எங்கள் அன்பு. நானும் நானும் நலம், நூரியா நலம். அயந்து இந்த வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டேன் என்கிறாள்.

பஸ் வந்துவிட்டது.

நான் அதை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது எங்கள் ஆட்கள் முரசு அடித்தார்கள். ஊர்ப் பெண்கள் குலவையிட்டார்கள். பஸ்ஸுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்திருக்கிறோம். பக்கத்தில் உங்கள் சபையின் பெயர் நீலத்தில். எங்கள் மூத்தவர் ஐசக் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பாபிலோன்ல இருந்து வந்த பஸ்ஸு சீயோனுக்கு நல்லாத்தான் ஓடுது" என்றார். பாபிலோன் உங்கள் ஊர், சீயோன் இந்த மண். எனிட் அக்காவிடம் இதைப் படித்துக்காட்டாதே.

பெரிய சாலையில் இனிப் பிள்ளைகள் நடப்பதில்லை. பயந்து பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருந்தவர்கள்கூட இப்போது அனுப்புகிறார்கள். புதிதாக எத்தனையோ சின்னச் சின்ன முகங்கள். பாலத்தருகே நிற்கிற ஒரு சிறுமி இருக்கிறாள், பெயர் ஷம்சி. பஸ் தலை தெரிந்ததுமே குதிக்க ஆரம்பித்துவிடுவாள். ஏறும்போது பஸ்ஸைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் ஏறுவாள், குதிரையைத் தடவுகிற மாதிரி. அவள் அப்பாவிடம் குதிரை வண்டி இருக்கிறதாம்.

நீங்கள் சொன்னபடி நானேதான் ஓட்டுகிறேன். மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.

நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. வேறு சொல் கிடைத்ததும் எழுதுகிறேன்.
டால்டன்

*

ஷாஷமனே
26 மே 2002

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் வேண்டுகிறேன்.

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பிள்ளைகளோடு பஸ்ஸைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். பணம் கொடுத்தவர்களுக்கெல்லாம் விருந்து வைக்கப்போகிறீர்கள் என்றும், சுவரில் அதைப் பெரிதாக மாட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். இப்போதைக்குப் படம் எடுக்க முடியாது. பஸ் பத்திரமாக ஓரிடத்தில் நிற்கிறது. மழை பிடித்துக்கொண்டது. நான் வீட்டில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறேன். சாப்பாடு வேளைக்கு வந்துவிடுகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

விருந்தைத் தள்ளிவைக்க முடியுமா?

டால்டன்

*

பர்மிங்காம்
15 ஜூன் 2002

அன்புள்ள நூரியாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். உனக்கு நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. உன் ஆங்கிலம் என் தம்பி கற்றுக்கொடுத்தது என்பதால் என் எழுத்து உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பத்து வரிகூட இல்லை. அதில் "நானும் நானும்" ஒரு இடத்திலும் இல்லை. வெறும் "நான்"தான் இருக்கிறது. மாமன்னரும் இல்லை, ஜாவும் இல்லை. அம்மா இறந்தபோது வந்த தந்தியில்கூட அவன் அப்படி எழுதியதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விருந்தைத் தள்ளிவைக்கவில்லை. முடிந்துவிட்டது. படம் இல்லாததால் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

அவன் எங்கே இருக்கிறான்? உடம்புக்கு என்ன? வேறு பெண் யாராவதா? எதுவானாலும் எழுது. என்னிடம் எதையும் மறைக்காதே, தங்கச்சி.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வெல்மா

*

ஷாஷமனே
7 ஜூலை 2002

மதிப்புக்குரிய வெல்மா அண்ணிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். நானும் அயந்துவும் சுகம். அவர் உயிரோடு இருக்கிறார், உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஏப்ரல் மாதம் ஒரு காலை, பஸ் ஒரு பிள்ளைமேல் ஏறிவிட்டது. ஓட்டியது அவர். இறந்தது ஷம்சி. ஏழு வயது. அவர் எழுதினேன் என்றார், பஸ்ஸைத் தடவிக்கொடுப்பாள் என்று. அவள்தான்.

தினமும் அவள் சாலைக்கு வலப்பக்கம் நிற்பாள். அன்றைக்கு ஆடு ஏதோ அந்தப் பக்கம் போனதென்று இடப்பக்கம் போயிருக்கிறாள். பஸ்ஸைப் பார்த்ததும் ஓடிவந்திருக்கிறாள். உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள், கத்தினார்கள். அவர் ஒருவர்தான் பார்க்கவில்லை. அவருக்கு இடது கண் தெரியாது, அண்ணி. இரண்டு வருஷமாகவே தெரியாது. உங்களுக்கு எழுதிவிட்டேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். உங்கள் கடிதங்களை எடுத்துப் பார்த்தபோது நீங்கள் கேரட் சாப்பிடச் சொன்னதுதான் இருந்தது. நீங்கள் அறியவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஓட்டாதீங்க" என்று நான் சொன்னேன். ஒவ்வொரு நாளும் சொன்னேன்.

"அவங்க சொன்னதே அதுதான். நான் முடியாதுன்னா பஸ்ஸே வேணாம்னுடுவாங்க. மெதுவாப் போறேன்" என்றார்.

மெதுவாகத்தான் போயிருக்கிறார். போலீஸும் அப்படித்தான் எழுதியது.

அன்றைக்கே அவரைக் காவலில் வைத்தார்கள். அது நல்லதாகப் போயிற்று, வெளியே கல்லோடு ஆட்கள் நின்றார்கள். பள்ளியின் ஜன்னல் எல்லாம் போய்விட்டது. உங்களுக்கு அந்தச் சின்னக் கடிதத்தை அங்கிருந்துதான் எழுதினார். சாப்பாடு நான்தான் கொண்டுபோனேன். ஒருநாள் கத்தரிக்கோல் கேட்டார். நகம் வெட்டத்தான் என்று நினைத்தேன். மறுநாள் போனபோது தலையில் சடை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டிவைத்திருந்தார். "இத சுமக்க எனக்குத் தகுதி இல்ல" என்றார். அவரைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த முடியோடுதான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒரு ஆள் முன்னால் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

போன வாரம் என் அண்ணன்மார் ஜாமீன் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். ஷம்சியின் அப்பா பெயர் கெடிர். இதுவரை எங்கள் வாசலுக்கு வரவில்லை. வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

அவருக்கு எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.
உங்கள்,
நூரியா

*

பர்மிங்காம்
4 ஆகஸ்ட் 2002

டால்டன்,

நலமா என்று கேட்க என்னால் முடியவில்லை.

நூரியாவின் கடிதத்தை வாசல் மிதியடிமேல் நின்றபடியே படித்தேன். பிறகு எவ்வளவு நேரம் அங்கேயே இருந்தேனோ, தபால்காரர் எதிர்வரிசையையும் முடித்துவிட்டுத் திரும்பி வந்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

நீ ஒன்றை மறைத்தாய். நான் மறைத்ததை இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அந்தப் பெண்கள் சம்பளம் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நான் கேட்கவே இல்லை. நீ ஜனவரியில் எழுதியபோது அவர்கள் இரண்டு மாதமாக அடுப்படியில் நின்றிருந்தார்கள். எனிட்டின் கையில் எண்ணெய் தெறித்துக் கொப்புளமாகியிருந்தது. சபைக்கு வராமல், சடை வளர்த்துக்கொண்டு கண்காணாத தேசத்துக்குப் போன தம்பிக்காக இன்னொரு தடவை எழுந்து நின்று கை நீட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் அவர்கள் பெயரைப் போட்டு நானே எழுதிவிட்டேன். நிபந்தனை என்று எழுதியதும் நான்தான்.

போன ஞாயிறு கூட்டத்தில் எல்லாக் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு போனேன். உன்னுடையது, நூரியாவுடையது, என்னிடம் பிரதி இருந்த என்னுடையது. முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பிப்ரவரிக் கடிதத்தில் "பெண்கள் சம்மதிக்கவில்லை" என்று வந்ததும் யாரோ, "எப்ப கேட்ட?" என்றார்கள். நான் படித்துக்கொண்டே போனேன். ஷம்சி பெயர் வந்ததும் நிறுத்திவிட்டேன். எனிட்தான் என் கையிலிருந்து வாங்கி மீதியைப் படித்தாள்.

படித்து முடித்துக் காகிதங்களை மடித்து என்னிடம் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்போமே, வெல்மா" என்றாள். அவ்வளவுதான்.

மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் எழுந்தார்கள். நாற்காலிகளை மடித்து அடுக்கினார்கள். பாஸ்டர் மட்டும் வாசல்வரை வந்து, பஸ்ஸில் இருக்கிற சபையின் பெயரை அழித்துவிடச் சொல்லி எழுதமுடியுமா என்று கேட்டார். அவரிடம் நான் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் அழித்துவிடு. அந்தப் பெயர் அந்த ஊர்த் தெருவில் போகவேண்டாம்.

உன் சடையை வெட்டும்படி முப்பது வருஷம் ஜெபித்தவள் நான். அம்மா கடைசி மூச்சிலும் அதையே கேட்டாள். இப்போது வெட்டிவிட்டாய் என்று படிக்கிறேன். அந்த ஜெபங்களையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருந்தால் நன்றாக இருக்கும்.

ஷம்சியின் அம்மாவிடம் நான் யார் என்று சொல். அந்த நிபந்தனையை எழுதியது நான்தான் என்று சொல்.

வெல்மா

*

ஷாஷமனே
8 செப்டம்பர் 2002

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்த அன்றுதான் எழுந்து உட்கார்ந்தேன் என்கிறாள் நூரியா. அயந்து நலம். உன் முழங்காலைப் பற்றிப் போன தடவை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு பகலும் இரவும் இருந்தது. பிறகு யோசித்தேன். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஒற்றைக் கண்ணன் என்று தெரிந்தால் பஸ் தரமாட்டீர்கள் என்று பயந்தேன். இனி அதைப் பங்குபோட்டு என்ன செய்ய.

போன வாரம் பெரியவர்கள் கூடினார்கள். இங்கே குமா என்பார்கள். ஓர் உயிர் போனால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, ஈடு கொடுத்துப் பகையை முடிப்பார்கள். நூரியாவின் அண்ணன்மார் எனக்காக உட்கார்ந்தார்கள். அத்திமரத்தடியில் என்னைக் கொஞ்சம் எட்டத் தலை குனிந்து நிற்கச் சொன்னார்கள். கெடிர் எதிரே உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். கையில் குதிரைச் சவுக்கு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர்கள் மாடுகளைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். பேசி முடித்து அவனைக் கேட்டபோதுதான் சொன்னான்.

"மாடு வேணாம்."

"பின்ன என்னப்பா வேணும்?"

என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். "ஏ ஜமைக்கா. சாவியக் குடு."

யாருக்கும் புரியவில்லை. பஸ்ஸை எரிக்கப்போகிறான் என்றே நினைத்தேன். எரித்தால் நிம்மதி என்றும் நினைத்தேன்.

"நான் ஓட்டுறேன். பட்டாளத்துல பன்னெண்டு வருசம் லாரி ஓட்டினேன். பட்டாளத்தக் கலச்சதும்தான் குதிர வண்டிக்கு வந்தேன். வீட்ல இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. பள்ளிக்கூடம் அனுப்பமாட்டேங்கிறா எம்பொண்டாட்டி. நான் ஓட்டினா அனுப்புவாளாம். சும்மா ஓட்டமாட்டேன். சம்பளம் வேணும்."

மூத்தவர் ஐசக் என் காதருகே வந்து, "அந்த ஆளு பிள்ளைங்களோட ஆத்துல இறக்கிட்டான்னா?" என்றார். கெடிருக்கு அது கேட்டுவிட்டது.

"ஏம்பிள்ளையும் அதுலதானய்யா உக்காரும்" என்றான்.

அவன் அப்படிச் சொன்ன பிறகும் எங்கள் குடும்பங்களில் பாதிப் பேர் பிள்ளைகளை ஏற்றமாட்டோம் என்கிறார்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்லும் உரிமை இருந்தது எனக்கு?

ஷம்சியின் அம்மாவிடம் நூரியா உன்னைப் பற்றிச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பளைக்குப் பிள்ள இருக்கா?" என்றாளாம். இல்லை என்றாள் நூரியா.

சபையின் பெயரை அழித்துவிட்டோம்.

டால்டன்

*

பர்மிங்காம்
22 செப்டம்பர் 2002

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் இருக்கிறது, நடக்கிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன்.

டால்டன், அயந்துவை அந்த பஸ்ஸில் ஏற்றாதே. அவன் நல்லவனாகவே இருக்கட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவன் மனதில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒருநாள் காலை அவனுக்கு எல்லாம் இருட்டிப்போனால்? உன் மகள் யார் என்று அவனுக்குத் தெரியும். எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். தெரிந்ததை எழுதாமல் விட்டு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டோமே.

சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படாதே. போன சனிக்கிழமை நான் மட்டும் கூடத்தைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தேன். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எனிட் வந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. கவசத்துணியைக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். மதியத்துக்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். வெளிக்கதவில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறோம். "ஓட்டுநர் சம்பளத்துக்காக" என்று மட்டும் அதில் இருக்கிறது. சாப்பிட வந்த ஒருவர், இதற்கெல்லாமா பணம் கேட்பீர்கள் என்றார். எனிட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா. இதுக்குத்தான்" என்றாள்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக. உன் ஜாவும் கொஞ்சம் சேர்ந்து காக்கட்டும்.
வெல்மா அக்கா

*

ஷாஷமனே
7 அக்டோபர் 2002

அன்புள்ள அக்கா,

உன் கடிதமும் பணமும் வந்தன. எல்லோரும் நலம். இதைப் பள்ளி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் மடியில் இருக்கிறது, எழுத்தைப் பொறுத்துக்கொள்.

இன்று பள்ளி திறந்தது. காலையில் கெடிர் பஸ்ஸை எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினான். அவனுடைய இரண்டு பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வேறு யாரும் இல்லை. எங்கள் ஆட்கள் வாசல்களில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் பிள்ளையின் கையை விடவில்லை. நீ எழுதியது என் சட்டைப்பையில் இருந்தது. நூரியாவிடம் அதைக் காட்டியிருந்தேன். நானும் சொன்னேன், "அக்கா சொல்றது சரிதான். கொஞ்ச நாள் போகட்டும்" என்று.

"கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள்?" என்றாள் நூரியா. "ஷம்சியோட அம்மா தன் பிள்ளைய நம்ம பஸ்ஸுல ஏத்தினா. நாம ஏத்தமாட்டமா?"

அயந்துவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்காரவைத்தாள். கெடிர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தான். அதற்குப் பிறகு இன்னும் சில பேர் ஏற்றினார்கள். பாதி இருக்கைகூட நிறையவில்லை. பஸ் கிளம்பியது. முதல் சுற்றில் எங்கள் தெரு, அடுத்து பாலம், சந்தை, பிறகு பள்ளி. நான் குறுக்குவழியாக ஓடிவந்து இங்கே உட்கார்ந்தேன். இன்னும் வரவில்லை. சாலை எனக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. சத்தத்தை வைத்துத்தான் காத்திருக்கிறேன். லாரிகள் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் எழுந்து உட்காருகிறேன்.

வந்துவிட்டது, அக்கா.

பேனாவை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். இப்போது மறுபடியும் எழுதுகிறேன். அயந்து இறங்கி வந்து பையைத் தோளில் சரி செய்துகொண்டாள்.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"பாலத்துக்கிட்ட நிறுத்திட்டாருப்பா. இறங்கல. ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாரு. அப்புறம் எந்திரிச்சு வந்து, எல்லாரும் உக்காந்துட்டீங்களான்னு ஒவ்வொருத்தர் மேலயும் கை வச்சுப் பாத்தாரு."

"உன் மேலயும் வச்சாரா?"

"என் மேலயுந்தான்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

கெடிர் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தான். ஒரு கல்லை எடுத்து முன்சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கொடுத்தான். என் பக்கத்தில் வந்து நின்றான். என்னிடம் அவன் பேசுவான் என்று நான் நினைக்கவில்லை.

"பிரேக்கு சரியில்ல ஜமைக்கா. நாளைக்கு மாத்தணும்" என்றான்.

உன்னையும் அந்தப் பெண்களையும் நினைத்துக்கொண்டு,
டால்டன்